அடைப்புக்குறிக்குள் ஒரு சாவு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வர்ஜீனியா உல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' நாவலை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டை வைத்துப் படித்தேன். ஆறு வயது ஜேம்ஸ் அப்பாவை வெறுக்கிறான், அம்மாவோடு ஒட்டிக்கொள்கிறான். மகனின் இந்த மனநிலைக்கு ஃப்ராய்ட் வைத்த பெயரான ஈடிபஸ் சிக்கல் அப்படியே பொருந்துகிறது. பொருந்தியதும் நாவலில் எனக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ஆளில்லாத வீட்டைச் சொல்லும் நடுப்பகுதியோ வெறும் வருணனையாகப் பட்டது. மனதின் அடியில் புதைந்திருப்பதைத் தேடும் ஆழ்உளவியல் வழியாக நாவல் படிப்பதே வீண்தானா?

ம., யாங்கோன்

அன்புள்ள ம.,

வீண் இல்லை. தோண்டிய இடம்தான் சரியில்லை. கோடாரி கிடைத்தால் அப்பாவின் நெஞ்சைப் பிளந்துவிடலாம் என்று ஜேம்ஸுக்குத் தோன்றுவதை ஆரம்பப் பக்கங்களிலேயே எழுதிவிடுகிறார் உல்ஃப். அவரே மேலே எடுத்துவைத்ததைக் கண்டுபிடிக்க ஃப்ராய்ட் எதற்கு? நாவல் எங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் தாண்டிப்போன நடுப்பகுதியில் பத்து வருடம் ஓடுகிறது. முதல் உலகப்போர் வந்து போகிறது. ஜேம்ஸின் அம்மா, நாவலுக்கே உயிரான திருமதி ராம்சே சதுர அடைப்புக்குறிக்குள், ஒரே வாக்கியத்தில், போகிற போக்கில் இறந்துவிடுகிறார். இருட்டு விலகாத ஒரு காலையில் கணவர் கைகளை நீட்டுகிறார். மனைவி முந்தின இரவே போய்விட்டதால் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. மகள் பிரூவுக்கும் மகன் ஆண்ட்ரூவுக்கும் இதே அடைப்புக்குறிதான்.

இந்தப் பேச்சுமுறை பர்மாத் தமிழர்களுக்குப் புதிதா என்ன? 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்து, போர் முடிந்து திரும்பியவர் என் பாட்டி. எந்த ஊரில் அரிசி கிடைத்தது, எந்த ஓடையில் தண்ணீர் நாறியது என்று மணிக்கணக்கில் சொல்வார். "சின்னவன் பேதியில போயிட்டான்" என்பது நடுவில் வரும், அடுத்த மூச்சில் மறுபடி அரிசி. அரிசிக் கதை அவ்வளவு நீண்டதே அந்த ஒரு வரியைத் தாங்கத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நாவலில் ஒரு சால்வை வருகிறது. பிள்ளைகள் படுக்கும் அறைச் சுவரில் ஒரு பன்றி மண்டையோடு. மகள் காமுக்கு அது பயம். ஜேம்ஸோ கழற்ற விடமாட்டான். தாய் தன் சால்வையை எடுத்து அதன்மேல் சுற்றுகிறாள். பறவைக் கூடு மாதிரி இருக்கிறது பார் என்று மகளிடம் சொல்கிறாள், மண்டையோடு அங்கேயேதான் இருக்கிறது என்று மகனிடம். சாவை மறைக்காமல் மூடத் தெரிந்தவள் அவள். நடுப்பகுதியில், அவள் இல்லாத வீட்டில், அந்தச் சால்வையின் மடிப்பு ஒவ்வொன்றாக நெகிழ்கிறது. நீங்கள் வருணனை என்று ஒதுக்கியது இதைத்தான்.

உல்ஃபுக்கு அம்மா போனபோது வயது 13. நாற்பதைத் தாண்டியும் அம்மாவின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்ததாகவும், 1927-இல் வந்த இந்த நாவலை எழுதியபின் அது நின்றுவிட்டதாகவும் பின்னாளில் எழுதினார். உளப்பகுப்பாய்வாளர்கள் நோயாளிக்குச் செய்வதைத் தனக்குத் தானே செய்துகொண்டதாகவும் அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் பகுதியில் ஓவியம் வரையும் லிலி, புல்வெளியில் நின்று திருமதி ராம்சேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுகிறாள். பத்து வருடமாக யாரும் அழாத அழுகை அது. நடுப்பகுதியை மெதுவாகப் படித்துவிட்டு அந்த இடத்துக்குப் போங்கள். ஈடிபஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.