ஐந்து வாரம் இருந்துவிட்டு ஜப்பானை எழுதலாமா?

"பியேர் லோத்தி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி நாகசாகியில் ஐந்தே வாரம் இருந்துவிட்டு ஒரு நாவல் எழுதினாராம். இந்த மாதிரிக் கப்பல்காரர்கள் எழுதுவதை நம்பிப் படிக்கலாமா?" இதுதான் உங்கள் கேள்வி. நானும் கப்பல்காரன்தான், அதனால் 'இந்த மாதிரிக் கப்பல்காரர்கள்' என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. இல்லையென்றால் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

எங்கேயோ பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் போல. தாராளமாகப் படியுங்கள். ஜப்பானைத் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் படிக்காதீர்கள்.

லோத்தி என்பது புனைபெயர், ஆள் பெயர் ழூலியன் வியோ. 1885 ஜூலையில் அவருடைய போர்க்கப்பல் நாகசாகிக்கு வந்தது. தரகர் வைத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, கரையில் ஒரு வீடு எடுத்து, ஒரு பெண்ணோடு தற்காலிகக் 'கல்யாணம்'. ஆகஸ்டில் கப்பல் நங்கூரம் தூக்கியது, கல்யாணமும் முடிந்தது. 1887-இல் அது மதாம் கிரிசாந்தேம் என்ற நாவலாக வந்து பிரான்சில் பெரிய பெயர் எடுத்தது. ஓவியர் வான்கா அதில் படித்த 'முஸ்மே' (ஜப்பானியில் இளம்பெண்) என்ற சொல்லையே தன் ஓவியம் ஒன்றுக்குப் பெயராக வைத்தார். பிற்பாடு வந்த 'மதாம் பட்டர்ஃபிளை' என்ற ஓப்பரா இசை நாடகத்துக்கும் இதோடு தூரத்து உறவு உண்டு.

என் கதைக்கு வருகிறேன். 1997-இல் நான் ஒரு கப்பலில் தேர்ட் இன்ஜினியர். கப்பல் மெஸ் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த, இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தது. எங்கள் கப்பல் ட்ரை டாக்குக்கு, அதாவது தண்ணீரை வற்றவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் இடத்துக்கு, போய்க்கொண்டிருந்ததும் நாகசாகிக்குத்தான். விடுவேனா, போகும் வழியிலேயே படித்து முடித்தேன்.

டாக் என்றால் ஜாலியாக ஊர் சுற்றலாம் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இன்ஜினியருக்கு முதுகு ஒடிவதே அங்கேதான். பதினொரு நாளில் எனக்குக் கிடைத்தது மூன்று சாயங்காலம். அதில் ஒருநாள், வீட்டுக்குக் கஸ்தேரா கேக் வாங்கலாம் என்று ஒரு சின்னக் கடைக்குப் போனேன். போர்ச்சுக்கீசிய மாலுமிகள் விட்டுப்போன பலகாரம் அது, இன்று நாகசாகிக்கு அடையாளமே அதுதான். கடையில் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. நான் நோட்டை நீட்டினேன். கையில் வாங்காமல் ஒரு சின்னத் தட்டை என் பக்கம் தள்ளினார். அதில் வைத்தேன். மீதிச் சில்லறையையும் அதே தட்டில், பெரிய காசு முதல் சின்னக் காசு வரை, ஒவ்வொன்றாக வரிசையில் வைத்து, எனக்குக் கேட்கும்படி எண்ணினார்.

உடனே எனக்கு நாவலின் கடைசிக் காட்சி நினைவுக்கு வந்துவிட்டது. விடைபெறப் போகிற லோத்தி, அந்தத் தற்காலிக மனைவி அழுதுகொண்டிருப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்துத்தான் போகிறார். அவளோ, அவர் கொடுத்த வெள்ளிக் காசுகளைத் தரையில் பரப்பி வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, நல்ல காசுதானா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். 'அதே ஜனம், அதே காசுக் கணக்கு' என்று நினைத்துக்கொண்டே கடையை விட்டு இறங்கினேன்.

மறுநாள் பார்த்தால் மருந்துக் கடையில் அந்தத் தட்டு, பேக்கரியில் அந்தத் தட்டு. ஊரே அப்படித்தான் காசு வாங்குகிறது, இருவர் கண்ணுக்கும் கணக்குத் தெரியவேண்டும் என்று. அந்த அம்மாவைப் பார்த்தது என் கண்ணே இல்லை, லோத்தியின் கண். வெட்கமாகப் போய்விட்டது.

உடனே "அவர் இனவாதி, அவருக்கு வக்காலத்தா?" என்று யாராவது வருவீர்கள். வக்காலத்து இல்லை. ஆட்களைப் பொம்மை என்கிறார், குரங்கு என்றுகூட எழுதுகிறார், படிக்கவே எரிச்சலாக இருக்கும். 1903-இல் வந்த அவருடைய இந்தியப் பயண நூலில் மதுரை, ஸ்ரீரங்கம், பாண்டிச்சேரி எல்லாம் வருகிறது. நம்மை எழுதியதைப் படித்தால், ஜப்பான்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஆனால் மனிதர் ஒன்றை மறைக்கவில்லை. நாவலின் முன்னுரையிலேயே, இதில் முக்கியப் பாத்திரங்கள் மூன்று: நான், ஜப்பான், அந்த நாடு எனக்குள் உண்டாக்கிய விளைவு என்று சொல்லிவிடுகிறார். பட்டியலில் அந்தப் பெண் இல்லை, கவனியுங்கள்.

அந்த மூன்று சாயங்காலத்தை வைத்து நானும் ஒரு கதை எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போனில் கேட்டது இது: "கப்பல்காரர் கதை என்கிறீர்கள், ஒரு ஜப்பான் பொண்ணுகூட இல்லையே சார்?" தட்டு இருக்கிறது, கேக் இருக்கிறது, பொண்ணு இல்லை. கதை திரும்பி வந்தது.

இதே பேச்சுதான் தூத்துக்குடியில் எனக்குப் பெண் பார்த்தபோதும். "துறைமுகத்துக்கு ஒண்ணு வச்சிருப்பாம்லா" என்றே இரண்டு இடம் தட்டிப்போனது. ஐயா, எங்கே நேரம்? கன்டெய்னர் கப்பல் காலையில் கட்டினால் ராத்திரி அவிழ்த்துவிடுகிறார்கள். கரைக்குப் போக அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் கையில் இருக்கும், வேலையை விட்டுக் கப்பல் ஏணியில் இறங்கத்தான் யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு கான்ட்ராக்டில் நான் மொத்தமாகக் கரையில் நின்றது ஒரு முழு நாள்கூட வராது. சம்பளத்தை மட்டும் ஊரே டாலரில் எண்ணும். சரி, அதை விடுங்கள்.

கப்பல்காரர் என்றால் லோத்தி ஒருவர்தான் என்றும் நினைக்காதீர்கள். போர்ச்சுக்கல் கடற்படையில் இருந்த வென்செஸ்லாவ் தெ மொராயிஸ் ஜப்பானின் கோபே நகரில் துணைத் தூதராக (கான்சல்) இருந்தார். உடன் வாழ்ந்த ஓயோனே 1912-இல் இறந்ததும், மறு வருடம் எல்லாப் பதவியையும் விட்டுவிட்டு அவளுடைய ஊரான தோகுஷிமாவுக்கே போய்விட்டார். ஊர் திரும்பவே இல்லை, 1929-இல் அங்கேயே இறந்தார். எழுத்தில் லோத்தியின் மினுமினுப்பு கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது போல இருக்கும்.

லோத்தியைப் படித்தால் கையோடு ஜப்பானிய எழுத்தாளர் அகுதகாவாவின் 'நடன விருந்து' சிறுகதையையும் படியுங்கள். 1920-இல் வந்தது. இளம் வயதில் தோக்கியோவில் ஒரு பிரெஞ்சு அதிகாரியோடு நடனமாடிய பெண், வயதான பிறகு ரயிலில் அதைச் சொல்கிறாள். அந்த அதிகாரியின் பெயர் ழூலியன் வியோ என்கிறாள். "அட, அப்போது அது லோத்தி!" என்று துள்ளுகிறான் எதிரே இருக்கும் இளம் எழுத்தாளன். அவள் விளங்காமல் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: இல்லை, லோத்தி இல்லை, ழூலியன் வியோ.

எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் படித்த பிரதியை, கான்ட்ராக்ட் முடிந்து கப்பலை விட்டு இறங்கியபோது, அதே அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.