புதிய மரக் கிளாரினெட்டில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

விரிசல் பெரும்பாலும் மேல் ஜாயிண்டின் (கழற்றக்கூடிய மேல் துண்டு) தலைப்பக்கம், ட்ரில் கீ எனும் பக்கவாட்டுச் சாவிகளின் துளைகளை ஒட்டித்தான் விழும். மூச்சின் சூடும் ஈரமும் அதிகம் படுகிற இடம் அது. உள்சுவர் ஈரம் குடித்து உப்புகிறது, வெளிப்பக்கம் காய்ந்தே கிடக்கிறது. மரம் அதன் நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும் என்பதால் வெளித்தோல் நீளவாக்கில் பிளக்கிறது. 'காய விடாதே' என்பது பாதி அறிவுரைதான். உள்ளும் புறமும் ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகக் கூடாது.

முதல் வாரம் நாளைக்கு 15 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டி, ஒன்றரை மாதத்துக்குப் பின் முழுச் சாதகம். நடுவில் கச்சேரி வந்தால் பழைய வாத்தியத்தில் வாசியுங்கள். (நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளை இடித்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதும் இதனால்தான்; ஆடி அடங்கிய மரம்.)

ஊதி முடித்ததும் கழற்றி, ஒவ்வொரு துண்டிலும் துணியை இரண்டு மூன்று முறை இழுங்கள். சாக்கெட்டுக்குள் (ஒரு துண்டு மற்றொன்றில் பொருந்தும் குழி) தேங்கும் நீரைத் துணி சுற்றிய விரலால் தனியாகத் துடைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். நனைந்த துணி பெட்டிக்குள் போகக் கூடாது.

ஜாயிண்ட் இறுகினால் முறுக்கித் தள்ளாதீர்கள், சாக்கெட் பிளந்துவிடும். டெனானை (சாக்கெட்டுக்குள் நுழையும் முனை) சுற்றிய கார்க்கில் கிரீஸ் தடவியும் இறுகுகிறதென்றால் பிடிப்பது மரம். பழுதுபார்ப்பவர் டெனானை மயிரிழை அளவு சீவித் தருவார்.

சென்னையில் வெளிக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, வில்லன் ஏசிதான். ஏசி அறையில் வாத்தியத்தைத் திறந்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானி போடுங்கள், 45 முதல் 55 சதவீதம் காட்டினால் நிம்மதி. குளிர்ந்த ஹாலில் வாசிக்குமுன் மேல் ஜாயிண்டை ஐந்து நிமிடம் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வெளியிலிருந்து சூடாக்குங்கள். உள்ளே ஊதிச் சூடேற்றுவது விரிசலைக் கூப்பிடுவது. ஜாயிண்ட் முனையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது.

எண்ணெய், மரத்தில் ஈரம் ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும், காவல் அல்ல. போடுவதானால் போர் ஆயில் (உள்துளைக்கென்றே விற்கும் எண்ணெய்) நாலைந்து சொட்டு, துணியில் விட்டு உள்துளையில் மட்டும். துளைகளை மூடும் பேடுகளுக்கு அடியில் தாள் செருகி, ராத்திரி விட்டு, காலையில் துடைத்தெடுங்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறும்.

கோடு தெரிந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். தட்டினால் விரிசல், வழுக்கினால் பெரும்பாலும் ரேகை. விரிசலென்றால் அன்றே வாசிப்பதை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் ஃபெவிக்விக் ஊற்றினால் அது துளை விளிம்பில் வழிந்து பேடு உட்காராது. அவர் முதலில் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும்.