குரூப்பில் போட்ட படம் காலண்டரில் தொங்கினால்

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன், பொழுதுபோக்காகப் படம் எடுப்பவன். 2019இல் பாம்பன் பாலத்தில் விடியற்காலை ரயில் போகும்போது எடுத்த படத்தை எங்கள் ஊர் போட்டோகிராபி வாட்ஸப் குரூப்பில் போட்டேன். செட்டிங் கேட்டவர்களுக்காக முழு சைஸ் ஃபைலையும் அனுப்பினேன். இந்தப் பொங்கலுக்கு ஒரு நகைக்கடை காலண்டரில் அதே படம். கடையில் கேட்டால் காலண்டர் ஏஜென்ட் காட்டிய மாதிரி ஆல்பத்தில் இருந்தது என்கிறார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால், குரூப்பில் போட்டது பொதுச்சொத்து என்கிறார். பதிவு செய்யாததால் எனக்கு உரிமை இல்லையா? 12,000 ரூபாய் கொடுத்தால் பதிவு செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாகப் படியுங்கள்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர், ஆசிரியர்தான் முதல் உரிமையாளர். நீங்கள் ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை வந்துவிட்டது, அதற்கு யாரும் முத்திரை குத்த வேண்டியதில்லை. படம் அழகாக இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. ஃபோகஸ் தப்பிய படத்துக்கும் இதே உரிமைதான். உங்கள் ஆயுள் முழுக்க, அதன்பிறகு இன்னும் 60 வருஷம். (பழைய புத்தகங்களில் படம் வெளியானதிலிருந்து 60 வருஷம் என்று போட்டிருக்கும். 2012 திருத்தத்தில் அது போய்விட்டது.)

பொதுச்சொத்து என்ற பேச்சை ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தது போலச் சொல்கிறார்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். யாரோ நல்லெண்ணத்தில் லென்ஸ் துவாரத்தின் அளவை 'எஃப் எட்டா, பதினொன்றா?' என்று கேட்டதற்கு நீங்கள் ஃபைலோடு பதில் சொன்னது, பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான். அச்சடித்து விற்க அல்ல. திண்ணையில் உட்காரச் சொன்னால் வீட்டையே எழுதிக் கொடுத்ததாக ஆகுமா?

இப்போது அந்த 12,000 ரூபாய்க்காரர். ஒரு படத்தைப் பதிவு செய்ய அரசாங்கக் கட்டணம் 500 ரூபாய். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், வங்கி வேலை பார்க்கிறவருக்கு அந்தப் படிவம் ஒரு விஷயமே இல்லை. பணம் கட்டியதும் டைரி நம்பர் வரும், அது விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான எண், அவ்வளவுதான். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு எத்தனை மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள்; இருபது வருஷமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன், எனக்கே சொல்லத் தெரியாது, அந்த வரிசை எப்போது நகரும் என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியுமா என்று சந்தேகம். பதிவு செய்து தருகிறேன் என்று வருகிறவர்கள் பிழைப்பதே இந்த இழுபறியில்தான். என் கட்சிக்காரர் ஒருவரிடம் டைரி நம்பர் வந்த ரசீதையே கெட்டி அட்டையில் அச்சடித்து, லேமினேட் செய்து, சான்றிதழ் என்று கொடுத்திருந்தார்கள். அவரும் அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பதிவே வீண் என்று சொல்ல வரவில்லை, வழக்கில் அது ஒரு முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு தவறென்று காட்டும்வரை ஏற்கப்படும் சான்றாக, உதவும். திருட்டு நடந்த பிறகும் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் 500 ரூபாயில்.

இதே ஆட்களின் இன்னொரு வியாபாரம் போட்டோ போட்டி. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் 'அனுப்பும் படங்களை எந்த நோக்கத்துக்கும் உலகம் முழுவதும் நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு' என்று ஒரு வரி இருக்கும். இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருஷத்துக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான் என்கிறது சட்டம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கேடயத்துக்கு ஆசைப்பட்டு டிக் அடிக்கும் நமக்குத்தான் தெரியாது. நீங்கள் இந்தப் பாம்பன் படத்தை ஏதாவது போட்டிக்கு அனுப்பியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே மெயிலில் தேடிப் பாருங்கள். அனுப்பியிருந்தால் நான் சொல்லப்போவதில் பாதி மாறிவிடும்.

சரி, உரிமை இருக்கிறது. அதை நிரூபிப்பதுதான் உண்மையான வேலை.

ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த பதப்படுத்தாத மூல ஃபைல், இருக்கிறதா? இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஜேபெக் மட்டும் இருந்தால், கேமராவிலிருந்து வந்த அசல், எடிட் செய்து சேமித்தது அல்ல. போட்டோவாக அனுப்பினால் எடுத்த தேதி, கேமரா விவரங்களை எல்லாம் வாட்ஸப் உரித்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். நீங்கள் எப்படி அனுப்பினீர்கள் என்பது அந்த சாட்டிலேயே தெரியும், அதனால் அதை அழிக்காதீர்கள், குரூப்பிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறவும் செய்யாதீர்கள்.

திருவாரூர் தேர்ப் படம் ஒன்றுக்காக நான் வழக்கு நடத்தியிருக்கிறேன். 'எங்கள் டிசைனரே எடுத்தது' என்று எதிர்த்தரப்பு சத்தியம் செய்தது. காலண்டரில் தேர்வடம் இடது ஓரத்தில் வெட்டப்பட்டிருந்தது. எங்கள் ரா ஃபைலில் அந்த வடம் இன்னும் நீண்டு, அதைப் பிடித்தபடி பச்சைச் சட்டைக்காரர் ஒருவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு. வெட்டிய படத்திலிருந்து வெட்டாத படத்தைச் செய்ய முடியாது அல்லவா? அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காலண்டரின் வானத்தில், கலசத்துக்கு வலது பக்கம், மிளகு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. அச்சுக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ரா ஃபைலைப் பெரிதாக்கினால் அதே இடத்தில் அதே பொட்டு. படம் எடுத்த என் கட்சிக்காரர் அன்று எஃப் பதினாறில் எடுத்த மற்ற படங்களிலும் அங்கேயே இருந்தது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டியிருந்த தூசி! துவாரத்தைச் சுருக்கி எடுக்கும்போது அது வானத்தில் தெரியும் என்பது படம் எடுப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், எல்லா குரூப்பிலும் அதைச் சுத்தம் செய்யச் சொல்லித்தான் டிப்ஸ் கொடுப்பார்கள். அவர் சோம்பேறித்தனமாக விட்டிருந்தார், அந்தத் தூசிதான் வழக்கை ராஜிக்குக் கொண்டுவந்தது. உங்கள் பாம்பன் வானத்தையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். கடை, ஏஜென்ட், அச்சகம் மூன்று பேருக்கும் போக வேண்டும், ஒப்புகையோடு. அச்சகத்தின் பெயர் காலண்டரின் அடியில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கடையிடம் பில் கேளுங்கள். எத்தனை அச்சடித்தார்கள் என்பதும் அதில்தான் கிடைக்கும். பெரும்பாலும் வழி சிவகாசிக்குத்தான் போகும். கடைக்காரருக்குப் படம் யாருடையது என்று உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அப்படி அவர் நிரூபித்தால் அவரிடம் நஷ்ட ஈடு வாங்க முடியாது, அவர் அடைந்த லாபத்தையும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையையும் மட்டும் கேட்கலாம். அதனால் கோபத்தை ஏஜென்ட்டிடமும் அச்சகத்திடமும் காட்டுங்கள். ஃபேஸ்புக்கில் 'திருடர்கள்' என்று எழுதாதீர்கள், அப்புறம் நீங்கள் அவதூறு வழக்குக்கு அலைய வேண்டியிருக்கும்.

எவ்வளவு கேட்பது? உங்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது 2022 டிசம்பரோடு நின்றுபோனது, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. இந்தப் படத்தை இனி எந்த டிசைனராலும் போய் எடுத்துவர முடியாது. நோட்டீஸில் அதை எழுதச் சொல்லுங்கள்.

நோட்டீஸுக்கு மசியாவிட்டால் உங்கள் சொந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், சிவகாசிக்கு அலைய வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். போலீஸுக்கும் போகலாம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொல்லிவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் போய் நின்றால் 'இது சிவில் மேட்டர் சார்' என்ற பழைய பாட்டுத்தான். தீர்ப்பு நகலைக் கையில் கொண்டுபோனாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு 'போட்டோதானே' என்பார்கள். செல்போன் திருடினால் மட்டும் திருட்டு.

ஒரு விதிவிலக்கை மட்டும் விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் காசு கொடுத்து, நீங்கள் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அத்தை பெண் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்தீர்களா? அந்தப் படங்கள் அத்தை வீட்டுடையவை, அவர்களைக் கேட்காமல் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட முடியாது. காசே வாங்காமல் எடுத்துக் கொடுத்தீர்களா? உங்களுடையவை. காசு வாங்கவில்லை, ஆனால் கிளம்பும்போது மாமா ஒரு வேட்டியும் பெட்ரோலுக்கு ஐந்நூறும் பையில் திணித்தார் என்றால்? படத்துக்கான கூலியா, உறவுக்கான மரியாதையா என்று இரண்டு வக்கீல்கள் நாள் முழுக்கப் பேசலாம், மாமாவைக் கூண்டிலேற்றித்தான் கேட்க வேண்டும். வங்கி ஆண்டு விழாவில் மேனேஜர் சொல்லி எடுத்தீர்கள், தனியாகக் காசு இல்லை, ஆனால் அன்று சம்பளத்தோடு கூடிய வேலை நாள் என்றால் அதிலும் பேச இடம் இருக்கிறது. எனவே காசு வாங்கி எடுக்கும்போது 'படங்களின் பதிப்புரிமை எடுத்தவருக்கே' என்று ஒரு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மெனக்கெட்டு ஸ்டாம்ப் பேப்பர் தேட வேண்டாம். பாம்பனுக்கு உங்களை யாரும் காசு கொடுத்து அனுப்பவில்லை என்றால் உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவார்கள், அதில் உங்கள் படம் மறுபடி ஏறிவிட்டால் அது இன்னும் எத்தனை கடைகளுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. நோட்டீஸ் அதற்கு முன்னால் அச்சகத்துக்குப் போய்ச் சேரட்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்குப் போய், மற்றவர்களைப் போலவே சிரித்தபடி ஒரு காலண்டர் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் இரண்டு. சுருட்டிய சுருள் பிரிக்காமல் பீரோவில் இருக்கட்டும்.