ஹோல்ட் போட்டதும் சிமுலேட்டர் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுகிறதா?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஆர்சி (ரேடியோவால் இயக்கும்) ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் நார்மல் மோடில் ஓரளவு பறக்கிறது, ஐடில் அப் (மோட்டாரை ஒரே அளவில் ஓடவிடும் மோட்) சுவிட்சைத் தட்டினால் ஸ்டிக்கை எங்கே வைத்தாலும் ஏறிக்கொண்டே போகிறது, த்ராட்டில் ஹோல்ட் (மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) போட்டால் தரையில் போய் மோதுகிறது. டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரேடியோ) பழுதா, வேறு வாங்க வேண்டுமா?

எதையும் வாங்காதீர்கள். உங்கள் சிமுலேட்டர் பிட்ச்சையும் (பிளேடு சாயும் கோணம்) த்ராட்டில் (மோட்டார் சக்தி) போகும் சேனலிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நார்மலில் த்ராட்டில் ஸ்டிக்கோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் இது வெளியே தெரியாது. ஐடில் அப்பில் த்ராட்டில் ஒரே அளவில், 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நின்றுவிடும். அதை நம்பியிருக்கும் பிட்ச்சும் அங்கேயே நிற்கும். ஹோல்டில் த்ராட்டில் பூஜ்யம், உடனே பிட்ச் முழு நெகட்டிவுக்கு (கீழே தள்ளும் கோணத்துக்கு) போய்விடும், விழாமல் என்ன செய்யும்?

சிமுலேட்டரின் சேனல் பக்கத்தில் பிட்ச்சுக்குத் தனிச் சேனல் கொடுங்கள். பெரும்பாலும் அது 6. த்ராட்டில் ஃபுடாபா ரேடியோவில் 3, ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் 1. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு எண், ஒரே சுவிட்சுக்கு ஒருவர் ஐடில் அப் என்பார், இன்னொருவர் ஸ்டண்ட் என்பார்; இத்தனை வருடங்களாகியும் இந்தத் தயாரிப்பாளர்கள் ஒரு பெயருக்கு வரவில்லை, புதிதாக வருகிறவர்தான் திணறுகிறார்.

அப்புறம் டிரான்ஸ்மிட்டரில் சிமுலேட்டருக்கென்று புதிய மாடல் மெமரி திறங்கள், நிஜ ஹெலிகாப்டரின் மெமரியைத் தொடவே கூடாது. அதில் ஸ்வாஷ் (பிளேடுகளைச் சாய்க்கும் தட்டு) வகை ஒற்றை சர்வோ (ஒரு கட்டளைக்கு ஒரு சிறு மோட்டார்) என்று இருக்கட்டும். மூன்று சர்வோக்கள் கலந்து வேலை செய்யும் 120 டிகிரி வகையை அப்படியே விட்டால் எலிவேட்டர் (முன்னும் பின்னும் சாய்க்கும்) ஸ்டிக்கை அசைக்கும்போது திரையில் மூன்று பட்டைகள் சேர்ந்து ஓடும், ஏனென்றால் அந்தக் கலவையைச் சிமுலேட்டரும் தன் பங்குக்குச் செய்கிறது. காலிபிரேஷன் (ஸ்டிக்கின் எல்லைகளைச் சிமுலேட்டருக்குக் காட்டுவது) செய்யும்போது ஹோல்ட் அணைந்திருக்க வேண்டும், நார்மல் மோட், டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சிறிது திருத்தும் பொத்தான்) நடுவில், த்ராட்டில், பிட்ச் கர்வ் (ஸ்டிக் எங்கே இருந்தால் எவ்வளவு அனுப்புவது என்ற கோடு) இரண்டும் நேர்கோடு. ஹோல்ட் போட்டபடியே காலிபிரேஷன் செய்துவிட்டு த்ராட்டில் அசையவில்லை என்று தவிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில சிமுலேட்டர்கள் கர்வ், ஃப்ளைட் மோட், ஹோல்ட் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும். அப்படியானால் டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கை அப்படியே அனுப்பினால் போதும். மூன்று நிலை சுவிட்சை ஒரு காலிச் சேனலில் போடுங்கள், அது மைனஸ் 100, 0, பிளஸ் 100 என்று போகும், அந்த மூன்றையும் சிமுலேட்டர் மூன்று மோடாக எடுத்துக்கொள்ளும். ஹோல்டுக்கு இன்னொரு சேனல். எட்ஜ்டிஎக்ஸ் (திறந்த மூல ரேடியோ மென்பொருள்) ஓடும் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிதான் சுலபம். ஆனால் இப்படிச் செய்துவிட்டு டிரான்ஸ்மிட்டரிலும் கர்வை விட்டுவைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், எக்ஸ்போவும் (நடுவில் ஸ்டிக்கை மென்மையாக்கும் அமைப்பு) அப்படித்தான், பிறகு எது எங்கே கெட்டது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. கர்வ் இங்கே இருக்கட்டும் அல்லது அங்கே இருக்கட்டும், இரண்டு இடத்திலும் வேண்டாம்.

ரெடிமேட் செட்டப் ஃபைல் என்று காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அவர்களிடம் போகாதீர்கள், தயவுசெய்து. அந்த ஃபைலில் இருப்பது வேறு யாருடைய ரேடியோவின் சேனல் வரிசையோ, யாருடைய சுவிட்ச் இடமோ. அதற்கேற்ப விரல் பழகிவிட்டால் நாளைக்கு நிஜ ஹெலிகாப்டர் கையை மீறும்போது ஹோல்ட் இருக்கிற இடத்துக்கு விரல் போகாது, சுழல்வது நிஜ பிளேடு. டிரான்ஸ்மிட்டரைக் கணினியோடு இணைக்கும் கேபிளோடு திருட்டு நகல் சிமுலேட்டரைச் சேர்த்துக் கொடுக்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

ஐடில் அப்புக்கு மாறும் முன் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அடியில் வைத்தபடி மாற்றினால் முழு நெகட்டிவ் பிட்ச்சில் தரையோடு அடித்துக்கொள்ளும், அது செட்டப் தவறல்ல.

சரி, எல்லாம் முடித்ததும் நல்ல உயரத்தில் நிறுத்தி ஹோல்ட் போடுங்கள், ஸ்டிக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மோட்டார் நின்றும் ரோட்டர் சுழன்றபடி இறங்க வேண்டும்; தரைக்குச் சற்று மேலே ஸ்டிக்கை ஏற்றும்போது இறங்கும் வேகம் குறைந்தால் பிட்ச் சரியான சேனலுக்கு வந்துவிட்டது.