கங்காரு எப்போதும் குதித்துக்கொண்டேதான் இருக்குமா?

இல்லை. நான் கான்பெராவில், மவுண்ட் எய்ன்ஸ்லி அடிவாரத்தில் குடியிருக்கிறேன். மாலை நடைக்குப் போய்க் கங்காருவைப் பார்க்காமல் திரும்பிய நாள் குறைவு. பகலில் மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும், வெயில் தாழ்ந்தால் மேயும். பார்க்க நம் ஊர் மாட்டு மந்தை மாதிரிதான்.

இங்கே இருப்பது கிழக்குச் சாம்பல் கங்காரு. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், நுனி கறுத்த வால். மூக்குத் துவாரங்களுக்கு நடுவிலும் முடி இருக்கும்; சிவப்புக் கங்காருவிடமிருந்து பிரித்தறிய அது ஓர் அடையாளம். நன்றாக வளர்ந்த ஆண் 65 கிலோ வரும், பெண் அதில் பாதிதான்.

மேயும்போது அதன் நடையைக் கவனியுங்கள். முன்னங்கால்களை ஊன்றும், வாலையும் ஊன்றும், அப்புறம் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி முன்னே வைக்கும். அப்போது உடம்பைத் தள்ளுவது வால். சிவப்புக் கங்காருவை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது: மெதுவாக நகரும்போது நான்கு கால்களும் சேர்ந்து தரும் உந்துவிசையை வால் ஒன்றே தருகிறதாம். ஐந்து கால் பிராணி என்றே சொல்லலாம்.

குதிப்பது அவசரத்துக்கு. மிரண்டால் மணிக்கு 60 கி.மீ. வேகம்கூடப் போகும். பின்னங்கால் தசைநாண்கள் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதால் பெரிதாகக் களைப்பதில்லை. கோடையில் முன்னங்கைகளை நக்கிக்கொண்டே இருக்கும். அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ரத்தக்குழாய்கள் தோலை ஒட்டி இருப்பதால், எச்சில் காயக் காய உடம்புச் சூடு தணியும்.

குட்டி பிறக்கும்போது ஒரு கிராம்கூட இருக்காது. தானே தாயின் முடியைப் பற்றி ஏறிப் பைக்குள் போய்விடும். ஏறக்குறைய 11 மாதம் அங்கேதான் வாசம்.

அந்தி நேரத்தில்தான் சாலையில் அடிபடுகின்றன. இங்கே வந்த புதிதில், ஓரத்தில் கிடந்த சில உடல்கள்மேல் ஸ்பிரே பெயிண்டில் பெருக்கல் குறி இருப்பதைப் பார்த்து, அப்புறப்படுத்துகிறவர்கள் கணக்குக்குப் போட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும்: பைக்குள் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று யாரோ ஏற்கெனவே இறங்கிப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கான அடையாளம் அது.