சேலமும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையும்

கேள்வி: என் மகளின் நேர்முகத் தேர்வுக்காக ஒரு நல்ல கோட்டும், தோல் காலணியும், கைப்பையும் வாங்கக் கோயம்புத்தூர் வரை போய் வந்தோம். ஒரு நாள் முழுதும் போயிற்று. ஆடை, காலணி, கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், வீட்டு அலங்காரப் பொருள் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நிதானமாகப் பார்த்து வாங்கும் உயர்தரப் பேரங்காடி நம் ஊரைத் தேடி வராதா? சேலத்தில் பணம் இல்லையா?
– வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: பணம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படியே மாநகராட்சி எல்லைக்குள் 8,29,267 பேர் இருந்தார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், லீ பஜார் மொத்த வியாபாரம், விசைத்தறிகள், இரும்பாலை, தனியார் மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று சம்பாதிக்கும் வழிகள் இங்கே பலவாக இருக்கின்றன. அந்தப் பணம் எந்த நாளில், எதற்காக, யாரோடு சேர்ந்து செலவாகிறது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்றால் பருப்பும் சோப்பும் வாங்கும் மளிகைக் கடை. நீங்கள் கேட்பது வேறு வகை. பாரிஸில் 'போன் மார்ஷே' என்ற கடையில் 1852ஆம் ஆண்டு பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிக்கோ, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத விலையை எழுதி வைத்து, வாங்காதவரும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று வளர்த்தெடுத்த வகை அது. இந்தியாவில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் 1991இல் மும்பை அந்தேரியிலும், லைஃப்ஸ்டைல் 1999இல் சென்னையிலும் முதல் கடையைத் திறந்தன. மாதம் பிறந்தவுடன் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுகின்ற, பண்டிகை இல்லாத நாளிலும் ஒரு சட்டையோ செருப்போ வாங்குகின்ற குடும்பங்கள் திரளாக இருந்த ஊர்கள் அவை.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 சதுர அடியில் ஒரு கடை, வாடகையும் குளிர்சாதனச் செலவும் ஊழியர் சம்பளமும் போக நிற்பதற்கு, சதுர அடிக்கு மாதம் 1,000 ரூபாய் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாத விற்பனை 3 கோடி. ஒரு பில் சராசரியாக 2,500 ரூபாய் என்றால் நாளுக்கு 400 பில் போட வேண்டும். உள்ளே வருபவர்களில் நான்கில் ஒருவர்தான் வாங்குவார் என்றால், தினமும் 1,600 பேர் படியேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேலும் வருவார்கள். முகூர்த்தமோ பண்டிகையோ இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வருவார்களா என்பதில்தான் கடையின் ஆயுள் இருக்கிறது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமையில் நம் ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சட்டை வாங்க மூன்றாம் மாடிக்குப் போனேன். விலை உயர்ந்த பிரிவு. நான் லிஃப்டை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தப் பக்கத்து விளக்குகளைப் போட்டார்கள். நான்கு ஊழியர்கள், ஒரே வாடிக்கையாளர். அதே கடையின் பட்டுப் பிரிவை வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளை விரிப்பின் மேல் நாமக்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பதினொரு பேர், வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது புடவைகளாவது பிரிக்கப்பட்டுக் குவிந்து கிடந்தன. பாட்டி ஜரிகைக் கரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை ஒருவர் கைப்பேசியை உயர்த்தி மணப்பெண்ணுக்கு வீடியோவில் நிறம் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் போட்ட பில், உயர்தரப் பேரங்காடிக்கு வரும் ஐம்பது பேரின் பில்லுக்குச் சமமாக இருந்திருக்கும். சேலத்துப் பணம் அங்கே இருக்கிறது. அது கூட்டமாக வருகிறது, நாள் பார்த்து வருகிறது, நிலம், நகை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்ற வரிசையில் செலவாகிறது. கைப்பைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் அந்த வரிசையில் கடைசி இடம்தான்.

சுற்று வட்டாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்து போன பிறகும், கல்யாணப் பட்டுக்குச் சேலம் வரும் வழக்கம் அங்கெல்லாம் மறையவில்லை. ஆனால் நாகரிக ஆடைக்கு அப்படி இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் பெங்களூருவை நோக்கிப் போகிறார்கள். ஈரோட்டுக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் இருக்கிறது. கோயம்புத்தூரில் 2009இல் புரூக்ஃபீல்ட்ஸ், 2012இல் ஃபன் ரிபப்ளிக், 2017இல் புரோசோன் என்று பேரங்காடி வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்ததால், ஒரு கடைக்குப் போகிறவர் பத்துக் கடை பார்த்து, படமும் பார்த்து, சாப்பிட்டுத் திரும்ப முடிகிறது. சேலத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 165 கிலோமீட்டர், பெங்களூருவுக்கு ஏறத்தாழ 200. நான்குவழிச் சாலை வந்தபின் அந்தத் தூரம் ஒரு காலைப் பொழுதாகச் சுருங்கிவிட்டது. நம் ஊரை வளர்த்த அதே சாலைதான் நம் ஊர்ப் பணத்தை வெளியூருக்கும் கொண்டு போகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஓர் உயர்தரப் பேரங்காடி சேலத்தில் நிலைக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் ஒன்றுதான் நிலைக்கும். இரண்டு வந்தால் இரண்டும் திணறும். அந்த ஒன்றும் பெங்களூருக் கடையின் அளவில் பாதியாக இருக்க வேண்டும். ஐந்து ரோட்டைச் சுற்றியும் ஓமலூர் சாலையிலும் வந்துவிட்ட நடுத்தர விலை ரெடிமேட் கடைகளோடு அது போட்டி போடக் கூடாது. மருத்துவர்களும், பேராசிரியர்களும், வெளியூரில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வீடு திரும்பும் பிள்ளைகளும் தேடுகின்ற காலணி, கோட்டு, குழந்தைகள் ஆடை, நல்ல பாத்திரம், படுக்கை விரிப்பு ஆகியவற்றில் அது கவனம் வைக்க வேண்டும். உங்கள் மகளுக்குத் தேவைப்பட்டதும் ஆடம்பரம் அன்று, வேலைக்குப் போகும் பெண்ணின் உடை. அப்படிப்பட்ட பெண்கள் இந்த ஊரில் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள் என்பதை, இங்கு கடை வைக்கத் தயங்கும் நிறுவனங்கள் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தைச் சேர்த்தால் சேலத்தில் பெரிய கடைகள் பிழைக்காதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: அந்தக் கூட்டத்தை நம்பி முதல் போட வேண்டாம் என்பேன். கோடை விழாவுக்கும் வார இறுதிக்கும் மலையேறுகிறவர்கள் அறைக்கும் உணவுக்கும் செலவழித்து, காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியவுடன் வீடு போய்ச் சேரத்தான் நினைப்பார்கள். அவர்களில் பலர் பெரிய கடைகள் உள்ள ஊர்களிலிருந்தே வருகிறவர்கள்.

உங்கள் ஊரில் வேறொரு கூட்டம் இருக்கிறது. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்கள், பள்ளி திறக்கும் நாளில் கம்பளி, ஸ்வெட்டர், காலணி, பெட்டி எல்லாவற்றையும் ஒருசேர வாங்க வேண்டியவர்கள். ஆண்டுதோறும் தவறாமல் வருகிறவர்கள் என்பதால், ஒரு நல்ல குழந்தைகள் பிரிவுக்கு அவர்கள் உறுதியான துணையாவார்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பேரங்காடிகள் நேரடியாகச் சேலம் வரச் சட்டத்தில் தடை உண்டா?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: பல நிறுவனங்களின் பொருள்களை ஒரே கடையில் விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள், மாநில அரசின் ஒப்புதல் என்ற நிபந்தனைகளையும் விதித்தது. அப்போதைய தமிழக அரசு அதை ஏற்கவில்லை. 2011 கணக்கின்படி சேலம் மாநகராட்சி தொடாத அந்தப் பத்து லட்ச நிபந்தனையை 2013இல் மத்திய அரசு தளர்த்தி, மற்ற நகரங்களை மாநில அரசின் முடிவுக்கு விட்டது; ஆனாலும் மாநில ஒப்புதல் என்ற நிபந்தனை அப்படியே நின்றது. ஒரே பெயரில் தன் சொந்தப் பொருளை மட்டும் விற்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கான விதி வேறு, தளர்வானது. ஆகவே நம் ஊருக்கு வரக்கூடியவை இந்திய நிறுவனங்களின் பேரங்காடிகளோ, ஒற்றைப் பெயர்க் கடைகளோதான்.

கேள்வி: எங்களுடையது மூன்று தலைமுறை ஜவுளிக்கடை. பெரிய அங்காடி வந்தால் நாங்கள் என்ன ஆவோம் என்று அப்பா கவலைப்படுகிறார். நாங்களே ஒன்றைத் தொடங்கலாமா என்று நான் யோசிக்கிறேன். எது சரி?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் அப்பாவின் கவலையைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள். மும்பையிலிருந்து வரும் நிறுவனத்துக்கு நம் வாடிக்கையாளரின் பெயர் தெரியாது. உங்கள் அப்பாவுக்கு அவர்களுடைய வீட்டு விசேஷ நாள்கூடத் தெரியும். கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சரக்குக் கொடுத்து, தையல்காரரிடம் அனுப்பி, பொருந்தாததை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கும் அந்த உறவு உங்களுக்குப் பெரிய முதல். அதை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் மட்டும் எழுப்பினால் இரண்டும் இல்லாமல் போகும்.

ஆனால் உங்கள் யோசனை நல்ல யோசனை. இருக்கிற கட்டடத்தில் ஒரே ஒரு மாடியை அதற்கென ஒதுக்குங்கள். எழுதிய விலை, பேரம் இல்லை. போட்டுப் பார்க்கச் சுத்தமான அறை, பெண்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, முதியவர் உட்கார நாற்காலி. பெயர்பெற்ற நிறுவனங்களிடம் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் சரக்கு எடுங்கள்; இல்லாவிட்டால் பருவம் மாறும்போது உங்கள் பணம் அலமாரியில் தூங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. என்பதால், அந்த எல்லைக்குச் சற்றே மேலுள்ள விலையில் அதிகம் அடுக்காதீர்கள். வெளியூர்ப் பேரங்காடிகளில் எளிதில் கிடைக்காத இரண்டு பொருள்கள் நம்மிடம் இருக்கின்றன: சேலம் வெண்பட்டு, வெள்ளிக் கொலுசு. இவற்றை நுழைவாயிலிலேயே வையுங்கள். கொலுசில் எடை, தூய்மை, கூலி மூன்றையும் தனித்தனியே எழுதிய அட்டை தொங்கட்டும்.

இரண்டாம் மாடியை எப்போது திறக்கலாம் என்பதைத் தீபாவளி வசூலை வைத்து முடிவு செய்யாதீர்கள். செவ்வாய்ச் சந்தை கூடியதால் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் பேட்டையில் இருக்கிறீர்கள். புரட்டாசியிலும் பங்குனியிலும் வரும் செவ்வாய்க்கிழமைகளில், கடை மூடும்போது அந்த ஒரு மாடியில் மட்டும் எத்தனை பில் விழுந்தது என்று இரண்டு ஆண்டுகள் தனி நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டாம் ஆண்டு அந்த எண்ணிக்கை கூடியிருந்தால், அப்பாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.