அம்மா பிள்ளை என்பது வசவா?

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ், இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சி பெற்றபோது அம்மாவுக்கு விடாமல் கடிதம் எழுதினாராமே! இப்படிப்பட்ட அம்மா பிள்ளை எப்படிப் போர் விமானி ஆனார்? வீட்டுப் பாசத்தை அறுத்தெறிந்தால்தானே வீரன்?

பதில்: இல்லை. உங்கள் கேள்வியின் தொனியே எனக்கு உறுத்துகிறது.

முதலில் வயதைப் பாருங்கள். 1942 ஜூன் 12 அன்று ஜார்ஜ் புஷ்ஷுக்கு 18 வயது நிறைந்தது. அன்றே கடற்படையில் பெயர் கொடுத்துவிட்டார். கல்லூரியில் சேர்ந்து படி என்று அப்பா சொன்னார், மகன் கேட்கவில்லை. பாசம் அவரை வீட்டில் கட்டிப்போட்டதா? ரயிலேற்றிவிட அதே அப்பா நியூயார்க் ரயில் நிலையத்துக்கு வந்தார். கண்டிப்புக்குப் பேர்போன மனிதர். அவர் அழுது தான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று புஷ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிள்ளை மனம் கல் என்பார்கள். அந்தக் கண்ணீரைக் கடைசிவரை மறக்காத பிள்ளை அவர்.

சாப்பல் ஹில் என்ற அமெரிக்க ஊரில் முதற்கட்டப் பயிற்சி. ஓட்டமும் விளையாட்டும் வகுப்பும்தான், பறப்பது கிடையாது. கூட இருந்தவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள். பார்க்க வந்த காதலி பார்பராவுக்கு 17 வயது. யாராவது கேட்டால் 18 என்று சொல்லிவிடு என்று அவரிடம் கேட்டுக்கொண்டாராம். அவ்வளவு சின்னப் பையன்!

பிறகு மினியாபோலிஸ், கடுங்குளிர். மஞ்சள் வண்ணம் பூசிய ஸ்டியர்மன் விமானம். இரட்டை இறக்கை, இரண்டு இருக்கை. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவன். இந்த வகைப் பயிற்சி விமானங்களில் ஆசிரியர் ஒரு குழாயில் வாய் வைத்துப் பேசுவார். அது மாணவனின் காதில் வந்து விழும். மாணவன் திருப்பிப் பேச அதில் வழி கிடையாது. திட்டு வாங்கினாலும் தலையைத்தான் ஆட்ட வேண்டும். நாள் முழுக்க இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும் பையன், இரவில் காகிதத்தை எடுத்து அம்மாவிடம் பேசினால் அது பலவீனமா? தனியாகப் பறந்த மகிழ்ச்சியை வேறு யாரிடம் போய்ச் சொல்வான்?

அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. எல்லாருக்கும் இப்படி அமைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியில் அவர் பின்தங்கவில்லை. 1943 ஜூன் 9 அன்று, 19 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, அதிகாரியாகிவிட்டார்.

1944 செப்டம்பர் 2 அன்று ஜப்பானியர் வசமிருந்த சிச்சி ஜிமா தீவின் மேல் அவருடைய விமானம் சுடப்பட்டது. எரியும் விமானத்திலிருந்தே குண்டுகளைப் போட்டுவிட்டுத்தான் கடலில் குதித்தார். ஃபின்பேக் என்ற நீர்மூழ்கிக் கப்பல் அவரைக் காப்பாற்றியது. உடன் பறந்த இருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் அந்தக் கப்பலிலிருந்தே பெற்றோருக்கு எழுதினார். ரப்பர் படகில் உட்கார்ந்து அழுததை மறைக்கவில்லை. அந்த இருவரின் கதிக்குத் தானே பொறுப்பு என்று மனம் வதைப்பதையும் எழுதினார்.

அப்போது அவருக்கு வயது 20. அந்தக் கடிதத்தையும் எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?